பேச்சுத்துணை பிறந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966-இல் ஒரு நிரலை அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் எலிசா. மனநல மருத்துவர் பாணியில், எதிராளி சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவானதை அருகிலிருந்தே பார்த்தவர் அவருடைய செயலாளர். வெறும் நிரல்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒருநாள் எலிசாவிடம் சில வரிகள் தட்டியவர், பேராசிரியர் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று கேட்டார்.

வைசன்பாம் ஆடிப்போனார். இயந்திரத்திடம் மனிதர்கள் இவ்வளவு எளிதாக மனம் திறப்பதைப் பற்றி 1976-இல் ஒரு புத்தகமே எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை நூலகத்தில் இருந்தது. ஏக்கம் ஜனங்களிடம் இருந்தது. அந்த ஏக்கத்தைத் தேடி ஒரு பெரிய நிறுவனம் வந்தது 2014-இல்.

மைக்ரோசாஃப்ட், சீனாவில் ஷாவ்ஐஸ் என்ற பெயரில், ஓர் இளம்பெண்ணைப் போல அரட்டையடிக்கும் மென்பொருளை இறக்கியது. அது இயங்கிய அரட்டைத் தளமான வீசாட் சில நாட்களிலேயே அதை முடக்கியது. வேறு தளங்களில் மீண்டு எழுந்த ஷாவ்ஐஸ், கோடிக்கணக்கானவர்களின் பேச்சுத்துணையாகிவிட்டது. அந்தத் தெம்பில் 2016 மார்ச் 23 அன்று ‘டே’ என்ற இன்னொரு பெண்ணை அமெரிக்காவின் ட்விட்டரில் விட்டார்கள். விஷமிகள் சூழ்ந்துகொண்டு இனவெறியைக் கற்றுக்கொடுத்தார்கள். ‘டே’ அதையே திருப்பிப் பேசியது. சுமார் 16 மணி நேரத்தில் அணைக்கப்பட்டது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பேச்சுத்துணைக் கனவுக்கு இத்தோடு மங்களம் பாடிவிடுவார்கள் என்றே தோன்றியது.

பாடவில்லை. மைக்ரோசாஃப்டின் இந்திய மென்பொருள் மையம் 1998 முதல் ஹைதராபாத்தில் இயங்கிவருகிறது. ‘டே’ அடங்கி ஓராண்டு ஆவதற்குள், 2017 தொடக்கத்தில், இந்திய இளைஞர்களுக்காக அங்கிருந்து ஃபேஸ்புக் மெசஞ்சரில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் ரூஹ். ரசிகரின் அணி ஜெயித்தால் கூடவே குதூகலிப்பாள். வளர்ப்பு நாயின் படத்தை அனுப்பினால் கொஞ்சுவாள். வசை, சீண்டல் வந்தால் கண்டுகொள்ளவும் பழக்கியிருந்தார்கள். ‘டே’ பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் அதைவிடக் கடினமான ஒன்று காத்திருந்தது.

“சரி, விடு” என்று ஒருவர் தட்டுகிறார். கோபமா, வருத்தமா? நேரில் என்றால் குரல் காட்டிக்கொடுக்கும். திரையில் எழுத்து மட்டும்தான். கோபத்தில் இருப்பவரிடம் பரிதாபப்பட்டாலும், உடைந்து கிடப்பவரிடம் சமாதானம் பேசினாலும் உறவு அங்கேயே அறுந்துவிடும். எலிசாவுக்கு இந்தக் கவலையே இருக்கவில்லை. ஹைதராபாத் குழுவினர் ஒரே வாக்கியத்தை இரண்டு பாதைகளில் ஓடவிட்டார்கள். ஒன்று சொல்லின் பொருளைப் பார்க்கும், மற்றது சொல்லில் ஏறியிருக்கும் உணர்ச்சியைப் பார்க்கும். கடைசியில் இரண்டையும் சேர்த்து முடிவு. யோசனை நன்றாகத்தான் இருந்தது. பழக்குவதற்கு உதாரணங்கள் வேண்டுமே? அரட்டையில் பெரும்பகுதி வெட்டிப்பேச்சு. மகிழ்ச்சி, துயரம், கோபம் ஒவ்வொன்றும் நூற்றுக்கு நாலு தேறினால் அதிகம்.

2018-க்குள் ரூஹ் 20 லட்சம் பேருடன் 15 கோடி உரையாடல்களைக் கடந்திருந்தாள். ரூஹை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த அங்குஷ் சாட்டர்ஜி, புனீத் அகர்வால் உள்ளிட்டோர் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். உரையாடல் மென்பொருளோடு மனிதர்கள் பேசியவற்றிலிருந்து மும்மூன்று வரிகளாக எடுத்து, ஒவ்வொன்றின் உணர்ச்சியையும் ஆட்களைக் கொண்டு குறிக்கவைத்து, பழக்குவதற்கென 30,160 துண்டுகளை உலக ஆய்வாளர்கள் முன் வைத்தார்கள். எமோகான்டெக்ஸ்ட் என்ற பெயரில், அந்த உணர்ச்சியைக் கணிக்கும் போட்டி. பெரிய நிறுவனம் தன் கையிருப்பைப் பொதுவில் வைப்பது சாதாரணமல்ல. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 300-க்கும் மேற்பட்ட அணிகள் குதித்தன.

முடிவுகள் 2019 ஜூனில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அலசப்பட்டன. ரூஹும் அதே 2019-இல் நிறுத்தப்பட்டாள். இன்று கைப்பேசியில் ஒரு செயலி “மனசு சரியில்லையா?” என்று கேட்டால் யாரும் திடுக்கிடுவதில்லை. அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தப் போட்டியே சாட்சி. முதலிடம் பிடித்த அணி எடுத்த மதிப்பெண் நூற்றுக்கு 79.59.