பெந்த்ரு தீர்த்தம்: ஒரு பெயரின் சாட்சியம்

'ஸ்பா' இன்று பெங்களூரின் எந்தக் கடைத்தெருவிலும் காணக்கூடிய பலகைச் சொல். முதலில் அது ஓர் ஊரின் பெயர். பெல்ஜியத்தின் லீயேஜ் மாகாணத்துச் சிற்றூரான ஸ்பாவில், இரும்பும் கரியமில வாயுவும் கலந்த ஊற்றுநீரைப் பருக ஐரோப்பியப் பிரபுக்கள் திரண்டனர். 1717இல் ரஷ்யாவின் முதலாம் பீட்டரும் வந்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தின் ஹாரகேட் ஊற்றும் 'ஸ்பா' என அழைக்கப்பட்டு, ஊர்ப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. 'நீரால் நலம்' என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளே ஸ்பா என்பது பிற்காலக் கட்டுக்கதை. அழகு நிலையங்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

கர்நாடகத்தில் இதற்கு நேர்மாறாக, ஒரு பொதுப்பெயர் இடப்பெயராகியிருக்கிறது. தென்கன்னட மாவட்டத்துப் புத்தூர் வட்டம், இர்தெ கிராமத்தில் உள்ள வெந்நீர் ஊற்றின் பெயர் பெந்த்ரு தீர்த்தம். துளுவில் 'பெந்த்ரு' என்றால் வெந்நீர். தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்திலும் துளுவிலும் ஒலிப்புடைய பகரமாக வரும்: வேர், பேரு, வெண்ணெய், பெண்ணெ. 'வே' என்னும் வினையடியிலிருந்து நமக்கு வெந்நீர், அவர்களுக்குப் பெந்த்ரு. அங்கே எரிமலை ஏதுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்கிறது. கொங்கணத்தின் கணேசபுரி ஊற்றுகளும் இவ்வகையினவே.

இதே வினையடியை வைத்துப் பெங்களூருக்கும் ஒரு கதை உண்டு. வழிதவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு கொடுத்தாளாம். அதனால் ஊர் 'பெந்தகாளூரு' ஆயிற்றாம். இரண்டாம் வல்லாளன் ஆட்சிக்கு வந்தது 1173இல். பேகூரில் உள்ள கங்கர் கால நடுகல்லோ, ஏறத்தாழ கி.பி. 900இலேயே 'பெங்களூருப் போர்' பற்றிப் பேசுகிறது. கதை அங்கே வீழ்கிறது. (இதை வகுப்பில் சொன்னால் மாணவர் முகம் வாடும். எனக்கும் அந்த மூதாட்டியை இழப்பதில் சிறு வருத்தம்தான்.)

ஆக, ஒரே வேர்ச்சொல், இரண்டு பெயர்கள். ஒன்றைக் கல்வெட்டு மறுக்கிறது. மற்றொன்றை, நீரில் கைவைத்தே சோதித்துவிடலாம். ஸ்பாவுக்குப் பிரபுக்கள், மருத்துவர் எழுதிய நூல்கள், 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதி என ஆவணங்கள் குவிந்துள்ளன. பெந்த்ருவை நாடிச் சென்றவர்கள் தோல்நோய் தீரும் என்று நம்பிக் குளித்த எளிய மக்கள். அவர்கள் நூல் எழுதவில்லை, பெயரிட்டார்கள். சமஸ்கிருதத் 'தீர்த்தம்' ஒட்டிய பின்னும் அந்தத் துளுச்சொல் அழியவில்லை. இடப்பெயரை வரலாற்றுச் சான்றாக ஏற்கத் தயங்கும் நண்பர்களுக்கு நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுவே.

ஆனால் இந்தச் சான்றுக்கு ஆதாரம் நிலத்தடி நீரோட்டம். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் இத்தகைய ஊற்றின் வரத்தும் வெம்மையும் குன்றக்கூடும். நீர் குளிர்ந்துவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் 'பெந்த்ரு'வையும் வெந்த பயறோடு சேர்த்துக் கட்டுக்கதைப் பட்டியலில் எழுதிவிடுவார்.