ரூல் புக்கா, நடுவரா?

பையன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தகராறாம். "புக்லயே இருக்குப்பா. அவன் செல்லாதுங்கறான்!" அவன் என்றால் ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர்.

இந்தப் பஞ்சாயத்துக்கு வயசு கிட்டத்தட்ட 150. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட போர் விளையாட்டில் வரைபடம், பகடை, அட்டவணை, ஒரு நடுவர். போகப்போக விதிகள் பெருத்து, ஆட்டம் ஆமையாய் நகர்ந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா பகடையையும் அட்டவணையையும் ஓரங்கட்டினார். அனுபவமுள்ள அதிகாரி சொல்வதே தீர்ப்பு! அவர் மோல்ட்கேயிடம் வேலை பார்த்து, 1870 போரை நேரில் கண்டவர். சொன்னால் எடுபடும்.

அமெரிக்காவில் டாட்டன் 1880-ல் எழுதிய 'ஸ்ட்ராடகோஸ்' நூலிலும் நடுவர் உண்டு. அதைப் படித்த மினசோட்டாவின் டேவிட் வெஸ்லி, 1969-ல் 'பிரவுன்ஸ்டைன்' நடத்தினார். ஆளுக்கொரு வேஷம். விதியில் இல்லாததையெல்லாம் செய்யக் கிளம்பினார்கள். அவர் அங்கேயே தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஆடிய ஆர்னசனும், கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் கொண்டுவந்ததுதான் பையன் ஆடுவது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வெர்டி போரைப் பார்த்தவர். டிராகனை யார் பார்த்தது? அந்தப் பொடியனின் அதிகாரம், மற்ற நாலு பேரும் அடுத்த வாரம் வருகிற வரைக்கும்தான்.

பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப அடுத்த வாரம் நான் நடத்தறேன்" என்கிறான்.