மட்டாஞ்சேரி மிளகுச் சந்தை: சொன்ன விலைக்குப் பொறுப்பேற்ற வணிகப் பேச்சு

கொச்சி: மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் பகுதியில் உள்ள இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தக சங்கம் 1957-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மிளகுக்கான முன்பேர வர்த்தகத்தைப் பல ஆண்டுகள் நடத்திய இந்தச் சங்கம், 1997-இல் பன்னாட்டு ஒப்பந்தங்களையும் அறிமுகம் செய்தது. பின்னர் வணிகம் கணினித் திரைக்கு மாறியது. அதற்கு முன்பு அங்கே விலை நிர்ணயிக்கப்பட்ட முறை, முதலீட்டுத் தகவல்கள் கைப்பேசி வழியே பரவும் இக்காலத்திலும் கவனிக்கத் தக்கது.

அக்காலத்தில் விலை வாய்மொழியாகவே பேசப்பட்டது. ஒரு கூடத்தில் கூடிய தரகர்கள், தொலைபேசியில் வாடிக்கையாளரின் கட்டளையைக் கேட்டவாறே, உரத்த குரலில் விலையைக் கூறினர். புதிதாகப் பார்ப்பவருக்குச் சண்டையாகவே தோன்றக்கூடிய காட்சி அது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. விலை அனைவர் காதிலும் விழும்படி சொல்லப்பட வேண்டும். சொன்ன விலையை மற்றொருவர் ஏற்றால் அது ஒப்பந்தம்; "பேச்சுக்குச் சொன்னேன்" என்று பின்வாங்க வழியில்லை. லண்டன் பங்குச்சந்தையின் முழக்கமான "என் சொல்லே என் பத்திரம்" என்பதும் இதே மரபைச் சார்ந்ததே.

வணிகர்களின் நற்குணத்தை மட்டும் நம்பி இந்த ஒழுங்கு அமையவில்லை. 1952-ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் தங்கள் துணை விதிகளுக்கு அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது. தகராறுகளை நடுவர் மூலம் தீர்ப்பது, விதி மீறிய உறுப்பினருக்கு அபராதம் விதிப்பது, அவரை இடைநீக்கம் செய்வது ஆகியவற்றுக்கு அவ்விதிகளில் இடம் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர் நேரடியாக விலை கூற இயலாது. கூறுபவரின் முகமும் பெயரும் கூடத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். அவரது முன்வைப்புத் தொகையும் பிணையாக இருக்கும். பேச்சின் தரத்தைக் காத்ததில் அறிவுரையைவிட இந்தப் பிணைக்கே பங்கு அதிகம் எனலாம்.

வதந்திக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்வது மிகையாகிவிடும். விளைச்சல் குறைவு, இறக்குமதி வரவு, வியட்நாம் சரக்கின் விலை என ஒவ்வொரு செய்தியையும் தமக்குச் சாதகமாகத் திரிக்க முயல்பவர்கள் எந்தச் சந்தையிலும் உண்டு. ஆனால் விலை ஏறும் என்று சொன்னவர் அந்த விலைக்கு வாங்கத் தயாரா என்று அடுத்த நொடியே சோதித்துவிட முடிந்தது.

திரை வழி வணிகம் கூச்சலை நீக்கியது. மும்பை பங்குச்சந்தையும் 1995-இல் இம்முறைக்கு மாறியது. ஆயினும் திரையால் தீராத சிக்கல்களும் உண்டு. தேசியப் பொருள் சந்தையான என்சிடெக்ஸின் முன்பேர ஒப்பந்தங்களுக்காகக் கொச்சிக் கிடங்குகளில் வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகு, கனிம எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த புகாரால் 2012 இறுதியில் முடக்கப்பட்டது. விலை திரையில் துல்லியமாகத் தெரிந்தது. மூட்டைக்குள் இருந்த சரக்குதான் ஐயத்துக்கு உள்ளானது.

பங்குச்சந்தையில் இதே கேள்வி இப்போது தகவலின் தரம் பற்றியதாக மாறியுள்ளது. தரகு நிறுவன ஊழியர்கள் சரிபார்க்கப்படாத சந்தைச் செய்திகளை, விதிப்பொறுப்பு அதிகாரியின் ஒப்புதலின்றிப் பிறருக்கு அனுப்பக் கூடாது என்று செபி 2011 மார்ச் மாதமே சுற்றறிக்கை வெளியிட்டது. முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-இலும், ஆய்வாளர்களுக்கு 2014-இலும் பதிவு விதிமுறைகள் வந்தன. பதிவின்றி ஆலோசனை வழங்குவோருடன் தரகு நிறுவனங்கள் உள்ளிட்ட அமைப்புகள் தொடர்பு வைப்பதற்கு 2024 ஆகஸ்ட் மாதம் தடை வந்தது. பங்குச்சந்தைக் கல்வி என்ற பெயரில் அண்மைய மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசுவதை 2025 ஜனவரி சுற்றறிக்கை கட்டுப்படுத்தியது.

வதந்திக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நிறுவனங்களுக்கும் உண்டு. முதல் 100 பட்டியல் நிறுவனங்களுக்கு 2024 ஜூன் முதலும், முதல் 250 நிறுவனங்களுக்கு அதே ஆண்டு டிசம்பர் முதலும் இவ்விதி பொருந்துகிறது. ஊடகச் செய்தியால் பங்கு விலை கணிசமாக நகர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் அதனை உறுதி செய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும்.

இவ்விதிகள் பதிவு பெற்றவரையும் பட்டியல் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். பெயர் தெரியாத கணக்கிலிருந்து ஒரு பங்கின் "இலக்கு விலை" வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்போது, அதைச் சொன்னவர் அந்தப் பங்கை ஏற்கெனவே வாங்கி வைத்துள்ளாரா, விற்றுவிட்டு வெளியேறக் காத்திருக்கிறாரா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை. செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்கள், ஆய்வாளர்களின் பட்டியல் உள்ளது. பரிந்துரைப்பவரின் பதிவு எண்ணை அதில் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

மட்டாஞ்சேரியின் கூச்சல் ஓய்ந்துவிட்டாலும், கொச்சி மிளகு விலை நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் தொடர்ந்து இடம்பெறுகிறது. இடுக்கி, வயநாடு பகுதிகளின் சிறு விவசாயிகள், காயவைத்த மிளகை இந்த வாரம் விற்பதா, இன்னும் சில வாரம் வைத்திருப்பதா என்று அதைப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.