அழாத குழந்தை நல்ல குழந்தையா?

1949-ல் லண்டனில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெற்றோர் எப்போது போய்ப் பார்க்கலாம்? அந்த வருடம் வெளிவந்த பட்டியலைப் பாருங்கள். கைஸ் மருத்துவமனை: ஞாயிறு மட்டும், மதியம் 2 முதல் 4 வரை. செயின்ட் பார்த்தலோமியு: புதன்கிழமை மட்டும், ஒன்றரை மணி நேரம். வெஸ்ட் லண்டன்: அனுமதியே கிடையாது. செயின்ட் தாமஸ்தான் உச்சம். முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. ஆனால் இரவு 7 முதல் 8 மணிக்குள் வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம்!

இதெல்லாம் கொடுமைக்காரர்கள் போட்ட சட்டம் இல்லை. நல்ல டாக்டர்கள், நல்ல நர்சுகள் போட்டது. அவர்களிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, தொற்று பயம். டிப்தீரியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் வார்டுகளை ஆட்டிவைத்த காலத்தில் அது நியாயமான பயம்தான். பென்சிலின் வந்த பிறகும் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது என்பது வேறு விஷயம். இரண்டாவது காரணம்தான் முக்கியம். அம்மா வந்துவிட்டுப் போனால் குழந்தை கதறி அழுகிறது. வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகையை நிறுத்திவிடுகிறது. ஆக, அம்மா வருவதுதான் பிரச்சினை! அழுகையை நிறுத்திய குழந்தையை "செட்டில் ஆகிவிட்டது" என்றார்கள்.

இந்த ஒரு வார்த்தை தப்பு என்று நிரூபிக்க ஒரு மனிதர் பல வருடம் போராட வேண்டியிருந்தது. அவர் டாக்டர் இல்லை. பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தில் தொழிலாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது, சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் நடத்தினார். ராபர்ட்சனின் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். இவருக்கு பாய்லர் பார்ப்பது, ரிப்பேர் வேலை செய்வது. அந்தக் காப்பகத்தில் ஒரு விதி உண்டு. யாராக இருந்தாலும் குழந்தைகளிடம் கவனித்ததைச் சின்ன அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும். பாய்லர்காரரும் எழுத வேண்டும். உற்றுப் பார்க்கும் கலையை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1948-ல் டாவிஸ்டாக் கிளினிக்கில் இருந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இவரை வேலைக்கு எடுத்தார். பௌல்பி அதற்கு முன்பே, 1944-ல், திருட்டுப் பழக்கம் உள்ள 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தார். அவர்களில் யார் மேலும் ஒட்டுதல் இல்லாத 14 பேரில் 12 பேர், சின்ன வயதில் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். எண்ணிக்கை சின்னது, முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி: பிரிந்திருக்கும் அந்த நாட்களில் குழந்தைக்குள் என்னதான் நடக்கிறது?

அதைப் பார்க்கத்தான் ராபர்ட்சன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போனார். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப ஒரே வரிசையைக் கண்டார். முதலில் எதிர்ப்பு: அழுகை, கூப்பாடு, கதவையே பார்த்துக்கொண்டிருப்பது. அடுத்து விரக்தி: சத்தம் அடங்கிவிடும், ஆனால் விளையாடாது, சரியாகச் சாப்பிடாது. மூன்றாவதாக விலகல். குழந்தை யாரிடம் வேண்டுமானாலும் போகும், பொம்மை கொடுத்தால் சிரிக்கும், அம்மா வந்தால் மட்டும் முகம் கொடுக்காது. நர்சுகள் "செட்டில் ஆகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான்.

எழுதிக் காட்டினார், பேசிப் பார்த்தார். டாக்டர்கள் நம்பவில்லை. "எங்கள் வார்டில் அப்படி இல்லையே!" சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கேமராவைத் தூக்கினார். அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதே இல்லை!

அப்படி உருவானதுதான் 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது' என்ற 1952-ஆம் வருடப் படம். லாரா என்ற 2 வயது 5 மாதக் குழந்தை, தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக 8 நாள் தங்குகிறாள். வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, காத்திருப்போர் பட்டியலில் குத்துமதிப்பாக எடுத்த பெயர் அது. தினமும் ஒரே நேரத்தில் படமெடுத்தார், வார்டுக் கடிகாரமும் படத்தில் தெரிகிற மாதிரி. ஒரு கணக்குத் தணிக்கையாளருக்குக்கூட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

லாரா அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் குழந்தை இல்லை. அதுதான் படத்தின் பலம். அழுகையை அடக்குகிறாள், உதடு துடிக்கிறது, அம்மா எங்கே என்று மெதுவாகக் கேட்கிறாள், கரடி பொம்மையைக் கட்டிக்கொள்கிறாள். அம்மா பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசி நாளில் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான்களை எல்லாம் வாங்கிக்கொள்கிறாள், ஆனால் அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள். ஆறு மாதம் கழித்து எதிர்பாராமல் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று அம்மாவிடம் கோபமாகக் கேட்டு அழுதாளாம். ஆறுதலுக்குப் போனது அப்பாவிடம்.

1952 நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படம் திரையிடப்பட்டது. கைதட்டல் இல்லை, கோபம்தான்! குழந்தை மருத்துவத்தையே அவதூறு செய்கிறார் என்றார்கள். மனப்பகுப்பாய்வு வட்டாரத்தில் இன்னொரு விளக்கம்: லாராவின் அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தார், பிரிவால் அல்ல, வரப்போகும் குழந்தையை நினைத்துத்தான் லாராவுக்கு வருத்தம் என்று. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருக்க மனிதன் எவ்வளவு தூரம் போவான் பாருங்கள்...

கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவர். ஆனால் தன் வார்டுக்குத் திரும்பியதும், அங்கேயும் லாராக்கள் இருப்பது கண்ணில் படத் தொடங்கியது. தப்பை ஒத்துக்கொண்டு, ஆமர்ஷாம் மருத்துவமனையில் தாய்மார்களைக் குழந்தையோடு தங்க அனுமதித்தார். ராபர்ட்சன் தன் அடுத்த படத்தை 1958-ல் அங்கேயே எடுத்தார். 1959-ல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பார்வை நேரக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும், சின்னக் குழந்தைகளோடு தாயும் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, பல மருத்துவமனைகள் கண்டுகொள்ளவில்லை. 1961-ல் ராபர்ட்சன் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி நேராகப் பெற்றோரிடமே பேசினார். அதே வருடம் லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சிலர் சங்கம் அமைத்து மருத்துவமனைக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். கதவுகள் திறக்க இன்னும் பல வருடம் ஆனது.

பௌல்பி இதையெல்லாம் சேர்த்து 1969-ல் 'பற்று' என்ற நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். குழந்தை அம்மாவைத் தேடுவது பாலுக்காக மட்டும் இல்லை, பாதுகாப்புக்காக. நம்பிக்கையான ஓர் ஆள் பின்னால் இருந்தால்தான் அது உலகத்தைத் தைரியமாகச் சுற்றிப் பார்க்கும். அந்த ஆளிடம் கற்ற எதிர்பார்ப்பைத்தான் பிறகு மற்றவர்களிடமும் கொண்டுபோகும்.

ஆபரேஷனுக்காக எட்டு நாள் இருந்த ஒவ்வொரு குழந்தையும் கெட்டுப்போனதா? இல்லை. 1946-ல் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த டக்ளஸ், 5 வயதுக்கு முன் ஒரு வாரத்துக்கு மேலோ பல தடவையோ ஆஸ்பத்திரியில் இருந்தவர்களிடம் பதின்வயதில் நடத்தைப் பிரச்சினைகள் அதிகம் என்று 1975-ல் எழுதினார். அடுத்த வருடமே குவின்டனும் ரட்டரும் இன்னொரு குழுவைப் பார்த்து, ஒரே தடவை போனதால் அப்படி இல்லை, திரும்பத் திரும்பப் போவதில்தான் ஆபத்து என்றார்கள்.

ராபர்ட்சன் தம்பதியே பிறகு பௌல்பியோடு கொஞ்சம் முரண்பட்டார்கள். தாய் பிரசவத்துக்குப் போன நான்கு குழந்தைகளை ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, அந்தந்த வீட்டு வழக்கப்படி நடத்தி, அம்மாவைப் பற்றித் தினமும் பேசி. குழந்தைகள் வருந்தின, ஆனால் உடைந்துபோகவில்லை. ஜான் என்ற 17 மாதக் குழந்தையை மட்டும் 1969-ல் வேறு இடத்தில் படமெடுத்தார்கள். ஒரு காப்பகத்தில், 9 நாள். நர்சுகள் அன்பானவர்கள்தான். ஆனால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. ஜான் ஒருத்தர் மாற்றி ஒருத்தரிடம் போய் நிற்பான், வேறொரு குழந்தை தள்ளிவிட்டு மடியில் ஏறிக்கொள்ளும். கடைசியில் ஒரு பெரிய கரடி பொம்மையின் மேல் போய் விழுந்து கிடந்தான். ஒன்பதாம் நாள் அம்மா வந்து தூக்கியபோது, திமிறிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தான்.