பதினொன்றும் ஐம்பத்திரண்டும்

1932-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற சிற்றூரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. எஃகுத் தகடு பொருத்திய ஜோடு அணிந்து பனிக்கட்டித் தரையில் சறுக்கியாடும் 'பிகர் ஸ்கேட்டிங்' போட்டிக்கு வந்தவர்களில் இருவர் என் மனத்தை விட்டு அகலுவதே இல்லை. ஒருத்தி இங்கிலாந்துச் சிறுமி செசிலியா காலட்ஜ், வயது 11. மற்றவர் அமெரிக்கர் ஜோசப் சாவேஜ், வயது 52. சிறுமி பெண்களுக்கான தனிப் போட்டியில் ஆடினாள். பெரியவர் ஜோடிப் போட்டியில் ஆடினார். இருவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் 'நீ சின்னவள்' என்றோ, 'நீர் கிழவர்' என்றோ எந்தச் சட்டமும் அவர்களை வாசலில் தடுக்கவில்லை.

அப்போது அது பெரிய அதிசயமும் அல்ல. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற பின்லாந்துத் தம்பதி ஜேக்கப்ஸன்களில் மனைவிக்கு 35 வயது, கணவருக்கு 38. ஆண்கள் பிரிவில் வெண்கலம் பெற்ற நார்வேக்காரர் ஸ்டிக்ஸ்ரூட்டுக்கு 44! காரணம் இருந்தது. வட்டத்தையும் எட்டையும் ஒற்றைக் காலால் பனியில் வரைந்து, வரைந்த கோட்டின் மீதே மறுபடியும் வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தக் கோட்டைப் பரிசோதிப்பார்கள். வாசலில் நம் பாட்டி இழை பிசகாமல் கோலம் போடுகிறாளே, அந்த மாதிரி வித்தை. வருஷக்கணக்கில் பழகினால்தான் படியும். பழகியவர்களை லேசில் விட்டுப் போகாது.

நாளடைவில் வட்டங்களுக்கு மதிப்புக் குறைந்தது. 1990-இல் உலகப் போட்டிகளிலிருந்து அவை அடியோடு மறைந்தன. தாவிக் குதித்து அந்தரத்தில் மூன்று சுற்று, நான்கு சுற்று சுழல்வதே ஆட்டமாயிற்று. அதற்குச் சிறுமியின் மெல்லிய உடம்பு சௌகரியமாக இருந்தது. குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டிய அவசியமும் கூடவே வந்து சேர்ந்தது. ஜூலை முதல் தேதிக்குள் 15 வயது நிரம்பினால்தான் ஒலிம்பிக் என்ற விதியால், ஜப்பானிய மாவோ அசாடா 87 நாள் குறைவு என்று 2006-இல் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. 2022-இல் பீஜிங்கில், மருந்துச் சோதனைச் சர்ச்சையில் சிக்கிய 15 வயது ருஷ்யப் பெண் கமிலா வலியேவா ஆட்டத்தில் விழுந்து எழுந்து அழுததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வயதைப் படிப்படியாக 17-க்கு உயர்த்தத் தீர்மானித்தது. செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சரி, சாவேஜின் வாரிசுகள் எங்கே போனார்கள்? குமாஸ்தா உத்தியோகமும் குடும்பமும் பார்த்துக்கொண்டு, நாற்பது வயதில் முதன்முதலாக ஜோடு மாட்டிக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன். ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடமில்லை. 1995-இல் அமெரிக்கா பெரியவர்களுக்கென்று தனி தேசியப் போட்டி தொடங்கியது. 2005-இல் ஜெர்மனியின் தென்கோடி மலையூரான ஓபர்ஸ்ட்டார்பில் சர்வதேசப் போட்டியும் வந்தது. இங்கே வயது விதி தலைகீழ்! 28 நிரம்பாதவர்கள் உள்ளே வரக் கூடாது. பந்தயக் குதிரை மாதிரிப் பழகிய இளசுகள் புகுந்து பரிசுகளை அள்ளிப்போகாமல் தடுக்க அந்த வேலி. பத்துப் பத்து வருஷமாக வகுப்புப் பிரித்ததும் நியாயமே. அறுபதுக்காரர் அறுபதுக்காரரோடுதானே மோத வேண்டும்?

மேல் எல்லைதான் எனக்கு உறுத்துகிறது. எழுபதைத் தாண்டிய சில வருஷங்களில் அங்கேயும் ஒரு கோடு கிழித்தார்கள். விழுந்தால் எலும்பு முறியும் என்ற பயம் புரிகிறது. முறிந்த எலும்பு அந்த வயதில் சுலபமாகக் கூடுவதில்லைதான். ஆனால் அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டுமே! சிறுமிக்கு வேலி போட்டால், இரண்டு வருஷம் கழித்துக் கதவு திறக்கும். கிழவருக்குப் போட்டால் அது திறப்பதே இல்லை. பனியில் வட்டம் வரைய முப்பது வருஷம் பழகிய கால், பிறந்த நாளன்று காலையில் எழுந்ததும் மறந்தா போய்விடும்?