தப்பொலியிலிருந்து சபை அமர்வு வரை: மலையகத் தோட்டங்களில் ஊர்ச் செய்தியின் வரலாறு

ஹட்டன் நகரத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்திலேயே தேயிலை வந்துவிடும். கடைகள் முடியும் இடத்தில் தெருவிளக்குகளும் முடியும். அதற்கப்பால் இருப்பதை வேறொரு நாட்டில் புறநகர் என்றிருப்பார்கள். அங்கு குடியிருப்பவர்களுக்கு எந்தப் பாதை திருத்தப்படுகிறது, தண்ணீர் எப்போது வராது, திருவிழா என்றைக்கு என்று ஊர்ச்செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே அந்த இடத்தின் பெயர் தோட்டம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இத்தகைய செய்திகளை யார் சொன்னார்கள், எந்த உரிமையில் சொன்னார்கள், அவர்களை யாராகக் கருதிச் சொன்னார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நிலம் யார் கையில் இருந்ததோ அவரே செய்தி சொல்பவராகவும் இருந்தார். கேட்டவர் நெடுங்காலம் தொழிலாளியாகக் கேட்டாரே தவிர குடியிருப்பாளராகக் கேட்கவில்லை. மலையகத்துப் பாதைகளின் இன்றைய நிலையைப் பணப் பற்றாக்குறையை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

தோட்டத்தின் முதல் செய்தி ஊடகம் தப்பு என்ற பறை. விடியலுக்கு முன் அடிக்கப்படும் பிரட்டுத் தப்பில் லயம், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், எழும்பும். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலேயரின் படையணிச் சொல்லொன்று தமிழ் நாவில் புரண்டு பிரட்டு ஆனது. எந்த நம்பர் மலையில் கொழுந்து, எங்கே கவ்வாத்து, யாருக்குப் பேர் (அன்றைய வேலை) இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் சொல்வதே அன்றைய செய்தி. சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை தப்பொலியில் தொடங்குவது தற்செயல் அல்ல. ஆனால் அதே தப்பு சாவு வீட்டிலும் ஒலித்தது, கோயிலிலும் ஒலித்தது. அடியை வைத்தே இது வேலைக்கா, துக்கத்துக்கா, சாமிக்கா என்று லயம் அறிந்துகொண்டது. நிர்வாகத்தின் கருவியாக இருந்ததை ஊர் தன் கருவியாகவும் வைத்துக்கொண்டது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். பின்னால் கோயிலைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

பாதைகளின் கதை வேறு வகையானது. கோப்பிக் காலத்தில் மலைநாட்டின் பெருந்தெருக்களை அரசு போட்டது. அவற்றிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்த கிளைப் பாதைகளுக்கு அரசு ஒரு பங்கும் தோட்டச் சொந்தக்காரர்கள் ஒரு பங்குமாகச் செலவிட்டனர். 1854இல் கண்டியில் உருவான தோட்டத்துரைமார் சங்கம் அரசிடம் ஓயாமல் கேட்டவற்றில் முதலிடம் பாதைக்கும் ரயிலுக்கும்தான். ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. இடையில் 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது. கோப்பிக்காகத் திட்டமிட்ட தண்டவாளம் ஹட்டனை எட்டியபோது மலைச்சரிவுகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. கோச்சி ஏற்றிச் சென்றது எதுவானாலும் பாதைகள் போன திசை மாறவில்லை. வண்டிப் பாதை ஸ்டோர் எனப்பட்ட தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போனது. லயத்துக்குப் போனது ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டும்தான். பழைய தோட்டமொன்றின் வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. தடித்த கோடு தேயிலைப் பெட்டி போகும் வழி, புள்ளிக்கோடு மனிதர் போகும் வழி.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டமும் துணை நின்றது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமூகங்கள் சட்டத்தால் இலங்கைக் கிராமங்களுக்குக் கிராமக் குழுக்கள் கிடைத்தன. 1876இல் வந்த உள்ளூர்ச் சபைகளும் 1892இல் வந்த சிறுநகர்ச் சுகாதாரச் சபைகளும் கடைத்தெருக்களைக் கவனித்துக்கொண்டன. கிராமத்துக்குக் குழு இருந்தது, கடைத்தெருவுக்குச் சபை இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் மக்கள் குடியிருந்த தோட்டத்துக்கு எதுவும் இல்லை. அது தனியார் நிலம், துரை எனப்பட்ட தோட்ட அதிகாரியே அதன் அரசாங்கம். தொழிலாளர் மருத்துவத்துக்காக 1872இல் சட்டம் வந்தபோதுகூட அதற்கான பொறுப்பும் செலவும் தோட்டச் சொந்தக்காரர் வழியாகவே ஒழுங்குசெய்யப்பட்டன.

கிராமக் குழுவில் வாக்களிக்கும் உரிமை 1889ஆம் ஆண்டின் சட்டத்தில் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இந்தியத் தொழிலாளருக்கும் மறுக்கப்பட்டது. 1937இல் இதைத் திருத்த முனைந்தபோது முதல் இரு பிரிவினருக்கும் கதவு திறந்தது, மூன்றாம் பிரிவினருக்குத் திறக்கவில்லை. இந்தியாவிலிருந்து எதிர்ப்பு வந்தது. உடனே சொற்கள் மாற்றப்பட்டன: இந்தியர் என்று குறிப்பிடாமல், எந்த இனத்தவரானாலும் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் விலக்கப்படுவர் என்று எழுதினார்கள். பாகுபாடு போய்விட்டது போலத் தோன்றும்படி பாகுபாட்டை வைத்துக்கொள்ளும் இந்தத் திறமையை மலையக வரலாறு பிற்பாடும் சந்திக்கும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்து, ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராகவும் இருந்தார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்புச் சபைக்கு ஆளனுப்பலாம், பக்கத்துக் கிராமக் குழுவுக்கு வாக்களிக்க முடியாது. தேசத்தில் கிடைத்த குரல் ஊரில் கிடைக்கவில்லை.

பிரட்டுக்களத்துக்கு வெளியிலிருந்து செய்தி கொண்டுவந்த முதல் மனிதராக கோ. நடேசய்யரைச் சொல்வது வழக்கம், அது தகும். தோட்டத்துக்குள் வெளியாள் காலெடுத்து வைத்தாலே அத்துமீறல் என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனவர் அவர். அவருடைய 'தேசபக்தன்' 1924இலிருந்து வெளிவந்தது. 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் சட்டத்தைப் பாட்டாக்கித் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டனர். வாசிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது. ஒருவர் வாசிக்கத் தெரிந்தால் ஒரு லயமே பாடும். சம்பளம், பற்றுச்சீட்டு, கங்காணிக் கடன் பற்றிய செய்திகள் முதன்முறையாகத் துரை வாயில் வராமல் வேறு வாயில் வந்தன.

1930இல் தொடங்கிய 'வீரகேசரி' பின்னாளில் 'தோட்ட மஞ்சரி' என்ற பகுதியைத் தந்தது. அதை நடத்திய எஸ்.எம். கார்மேகம் மலையக எழுத்தாளர்களை அதில் வளர்த்தெடுத்தார். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அப்பகுதியைச் சிறுகதைகளின் நாற்றங்காலாகக் காண்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: தன் தோட்டத்தின் பெயரைப் பத்திரிகையில் பார்ப்பது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயரும், கல்லில் நம்பரும் மட்டுமே இருந்த ஓர் இடம் அச்சில் ஊராக வந்தது.

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அதன்பின் சங்கங்கள் வேரூன்றி ஒவ்வொரு தோட்டத்திலும் 'தலைவர்' என்றொருவர் உருவானார். பீலி எனப்படும் தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் காம்பரா எனப்படும் லயத்து அறையின் கூரை ஒழுகினாலும் அவரிடம்தான் சொல்லவேண்டும், அவர் துரையிடம் சொல்வார். நகரசபையில் ஒரு மனு செய்யும் வேலையை இங்கே தொழிற்சங்கம் செய்தது. அதன் பலத்தை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதன் பக்கவிளைவு குறைவாகவே பேசப்படுகிறது: தண்ணீரும் கூரையும் தொழிற்பிணக்குகள் ஆயின. சந்தா எந்தச் சங்கத்துக்கு என்பதைப் பொறுத்துப் பீலி திருத்தப்படும் நிலையும் தோன்றியது.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இன் தேர்தல் திருத்தமும் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. வாக்கில்லாதவரின் பாதையைத் திருத்த எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், 1,50,000 பேரைப் பின்னர் முடிவுசெய்வதாகவும் கணக்குப் போடப்பட்டது. அந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தத்துக்கு அடுத்த இருபதாண்டுகளில் தோட்டத்துக்கு வந்த மிகப்பெரிய ஊர்ச்செய்தி, யாருக்கு இந்தியா, யாருக்கு இலங்கை என்பதுதான். ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் புறப்பட்ட வண்டிகளுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். தங்குவோமா போவோமா என்று தெரியாத வீட்டின் முன்னால் கொங்கிரீட் பாதை கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இத்தனைக்கும் நடுவே மக்கள் தாமே கூட்டிய கூட்டம் ஒன்று இருந்தது. அது கோயில் கூட்டம். மாசியில் காமன் கூத்து, வேறு மாதங்களில் மாரியம்மன் திருவிழா, இடையில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவது யார், ரதி மதன் வேடம் யாருக்கு, எவ்வளவு வரி என்பதை ஊரே கூடித் தீர்மானிக்கும். பல தோட்டங்களில் கோயில் காசு செக்ரோல் வழியாகச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஊர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட வரி என்றே இதைச் சொல்லலாம், வசூலித்தது மட்டும் நிர்வாகம். தேர் வரும் வழியை வெட்டிச் செப்பனிடுவதும் ஊர்தான். உள்ளூராட்சி பற்றிய நூல்களில் காமன் பொட்டல் இடம்பெறாது. ஆயினும் வரி, வரவு செலவு, பொது வேலை, வழக்குத் தீர்ப்பு என்று ஒரு கிராமக் குழு செய்யவேண்டிய அனைத்தும் சிறு அளவில் அங்கே நடந்திருக்கின்றன. சாமிக்கு அடித்த தப்பு இங்கேதான் ஊரின் சொந்தக் குரலானது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனங்களுக்குப் போயின. துரை மாறினார், வரைபடம் மாறவில்லை. 1981இல் கிராமச் சபைகள் கலைக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகி 1991இல் முதல் தேர்தல் நடந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவர்கள் பலர் குடியுரிமை பெற்றதால் தோட்ட மக்கள் இப்போது வாக்காளர்கள். லயத்தில் பிறந்தவர்கள் சபை உறுப்பினர்களானார்கள், தவிசாளர்களும் ஆனார்கள். ஆனால் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட அது இடம் தரவில்லை. உறுப்பினர் தான் வாக்குக் கேட்டு நடந்த பாதைக்கே ஒரு மூட்டை சீமெந்து ஒதுக்க முடியவில்லை. வாக்குரிமை வந்தால் வசதி வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இந்த ஒரு பிரிவில் வந்து மோதி நின்றதை ஆய்வாளர்கள் நீண்டகாலம் அடிக்குறிப்பாக மட்டுமே கண்டார்கள்.

1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. வீடமைப்பையும் நலன்புரி வேலைகளையும் பார்க்கத் தனி நிதியம் அமைந்தது. அமைச்சு, நிதியம், கம்பனி, மாகாண சபை, வெளிநாட்டு உதவி என்று ஆளுக்கொரு திட்டம். 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்துடன் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கொடையாளர் பெயர் எழுதிய பலகைகள் பெருகின. பலகையில் குடியிருப்பாளர் பயனாளியாக இருந்தார். லயத்துக்குக் கிடைப்பதெல்லாம் யாரோ கொடுப்பது என்ற வழக்கத்தை அவை மாற்றவில்லை.

மாற்றம் 2018இல் இரு வகையில் வந்தது. முதலாவது எல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7,11,644 பேர். நுவரெலியா, அம்பகமுவை ஆகிய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் மட்டும் தலா 2,00,000-க்கு மேல். அவற்றில் இருந்த இரண்டு பிரதேச சபைகளே அக்கரப்பத்தனை தொடங்கி மஸ்கெலியா வரை பார்த்துக்கொண்டிருந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவற்றுக்குத் தனிச் சபைகள் பிரிக்கப்பட்டு, 2018 பெப்ரவரி 10 தேர்தல் அவற்றுக்கும் நடந்தது. இரண்டாவது சட்டம். அதே ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவை மாற்றி, தோட்டக் குடியிருப்புகளின் பாதை போன்ற பொது வசதிகளுக்குச் சபை நிதியைப் பயன்படுத்த வழிசெய்தது. மலையகப் பிரதேசப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்தே எதையும் செய்யவேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. நிலம் இன்னும் கம்பனியின் குத்தகையில் இருப்பதால் அது வெறும் மரியாதைச் சொல் அல்ல. சபைகளின் ஆயுளும் சீராக இல்லை: 2023 மார்ச்சில் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை நாட்டில் ஏறக்குறைய எங்குமே தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் இருக்கவில்லை.

2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 என்ற பெயரில் நடைபவனி போனபோது, முன்னோர் நடந்துவந்த வழியை மீண்டும் நடந்தவர்கள் கேட்டவற்றில் காணியும் வீடும் முகவரியும் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகவரி சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பல தோட்டங்களில் வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுக்க வேண்டும். பிரதேச சபை அனுப்பும் அறிவித்தலும் அந்த அலுவலகத்து மேசை வழியாகவே லயத்துக்கு ஏறுகிறது.

இப்போது தோட்டத்துத் திருவிழா நோட்டீசை எடுத்துப் பார்த்தால் அடியில் பெயர்கள் வரிசையாக இருக்கும்: தோட்ட நிர்வாகம், தோட்டத் தலைவர்கள், இளைஞர் மன்றம், ஆலய பரிபாலன சபை. பிரதேச சபை உறுப்பினரின் பெயரும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது, இன்னும் நிர்வாகத்துக்குக் கீழே.