வண்டலூர் மனையும் 1892-ம் வருடத்து அரசாணையும்

வண்டலூர் என்றால் நமக்கு 1985-ல் திறந்த மிருகக்காட்சி சாலைதான் ஞாபகம் வரும். அதன் பிறகு மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, 2023 டிசம்பரில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று வந்துவிட்டன. கூடவே மனைத் தரகர்களும் பெருகிவிட்டார்கள்.

மனையில் பணம் போடுபவருக்கும், அடுக்குமாடி கட்டுபவருக்கும் தரகரிடம் என்ன வேண்டும்? விலையைப் பேசி முடித்துத் தருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தால், விலையை விட முக்கியமானது அந்த நிலத்தின் பழைய கதை!

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், தலித் மக்கள் நிலமில்லாமல் படும் பாட்டை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-ல் வந்த அரசாணைப்படி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. ஆனாலும் காலப்போக்கில் ஏராளமான நிலம் மற்றவர்கள் கைக்குப் போனது. 1994-ல் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

இப்படிப்பட்ட நிலம் மனையாக மாறி விற்பனைக்கு வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் பதிவான கிரயம், அடமானம் போன்றவைதான் வரும். கிராமத்து 'அ' பதிவேட்டையும் பழைய நில ஆவணங்களையும் பார்க்க வேண்டும். நல்ல தரகர் முதலில் போக வேண்டிய இடம் தாலுகா அலுவலகம்.

இன்னொரு பாடம் 2016 செப்டம்பரில் வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேச்சை நம்பி வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். 2017 மே மாதம்தான் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

அதே மாதம் ரெரா சட்டமும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன்படி பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்.

பணம் போடுபவருக்கு நாளை சிக்கலில்லாமல் விற்க முடிய வேண்டும். கட்டுபவருக்கு வழித்தடமும், வாரிசுச் சண்டை இல்லாத பட்டாவும் வேண்டும். இருவருக்குமே, "இந்த நிலம் வேண்டாம் சார்" என்று கமிஷனை விட்டுக்கொடுத்துச் சொல்லும் தரகர்தான் தேவை. பஞ்சமி நிலத்தின் கதையை மறைத்து விற்பவர் ஏமாற்றுவது வாங்குபவரை மட்டுமல்ல, 1892-ல் அந்த நிலத்தைப் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளையும்தான்.